திரள்கூட்ட மருத்துவத் திட்டமிடல்: மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 1 வரையிலான ஐந்து நாள்களுக்குள் தமிழ்நாட்டில் மூன்று பெருந்திரள்கள் அமைந்தன. மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கியது. சதுரகிரியில் ஆடி அமாவாசை வழிபாடு நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடியது. பன்னாட்டு விளையாட்டு நிகழ்வுகளை ஒட்டி வளர்ந்த மருத்துவத் திட்டமிடலின் அடிப்படைகளை விளக்கி, அவற்றுள் எவை ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் திருவிழாக்களுக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. திட்டத்தின் அளவைத் தலைக்கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. கூட்டத்தின் இயல்பும் சிகிச்சை பெற்றோரைப் பற்றிய முறையான பதிவுமே அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திரள்கூட்ட மருத்துவம், சதுரங்க ஒலிம்பியாடு, ஆடிப்பூரம், சதுரகிரி, முதலுதவி, நோயர் வருகை விகிதம்.

முன்னுரை

சதுரங்கப் போட்டிக்கு மருத்துவர் எதற்கு என்ற வினா இயல்பாகவே எழக்கூடியது. ஓடாமல், மோதாமல், மேசைமுன் அமர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஆயினும் 2014 ஆகஸ்டு 14 அன்று, நார்வே நாட்டின் ட்ரொம்சோ நகரில் நடந்த ஒலிம்பியாடின் இறுதிச் சுற்றில், சீஷெல்ஸ் அணியைச் சேர்ந்த 67 வயது வீரர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் உயிர் பிழைக்கவில்லை. அவருக்காக எடுத்துவரப்பட்ட இதய மின்னதிர்வுக் கருவியை ஏதோ ஆயுதமென எண்ணிப் பார்வையாளர் சிலர் அஞ்சி ஓடினர் என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன. உயிர்காக்கும் கருவி அரங்கில் இருந்தது. அது இன்னதென அருகிலிருந்த சிலர் அறியவில்லை. மருத்துவத் திட்டமிடல் என்பது மருந்தும் கட்டிலும் மட்டுமே எனக் கருதுவோர் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்கலாம்.

எட்டாண்டுகள் கழித்து அதே போட்டி தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன் தொடக்கவிழா சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த 2022 சூலை 28ஆம் நாள் ஆடி அமாவாசையும் ஆகும். அன்று விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் சதுரகிரி மலையேறினர் பக்தர்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 1 அன்று, கொரோனாவால் தடைப்பட்டிருந்த ஆண்டாள் கோயில் தேரோட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் மீண்டும் நடந்தது. ஒரே மாநிலம், ஒரே சுகாதாரத்துறை, ஒரே 108 சேவை. ஆனால் மூன்றும் மூன்று வகைத் திரள்கள். இந்த ஒப்பீடே கட்டுரையின் களம்.

எண்ணிக்கையும் இயல்பும்

ஒரு கூட்டம் எத்தனை பேரைக் கடந்தால் ‘பெருந்திரள்’ ஆகிறது? உலக சுகாதார நிறுவனம் இதற்கு எண்ணால் மட்டும் விடை கூறவில்லை. கூட்டம் நடைபெறும் ஊரின், மாநிலத்தின் அல்லது நாட்டின் திட்டமிடும் ஆற்றலையும் எதிர்கொள்ளும் ஆற்றலையும் திணறச் செய்யுமளவு மக்கள் கூடுவதையே அது பெருந்திரள் என வரையறுக்கிறது. இவ்வரையறையின் நுட்பம், அது கூட்டத்தையும் கூட்டம் கூடும் ஊரையும் சேர்த்தே அளக்கிறது என்பதாகும். சென்னையில் ஒரு மாலைநேரக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் அந்நகரின் மருத்துவமனைகளைத் திணறடிப்பதில்லை. அதே கூட்டம் வத்திராயிருப்புக்கு வந்தால் நிலைமை வேறு.

இத்துறை பயன்படுத்தும் முதன்மை அளவுகோல் நோயர் வருகை விகிதம். நிகழ்வுக்கு வந்த ஆயிரம் பேரில் மருத்துவ உதவி நாடியோர் எத்தனை பேர் என்பதே அது. அவர்களுள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர் என்பது இரண்டாவது விகிதம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, 1,00,000 பேர் கூடும் விழாவில் ஆயிரத்துக்கு ஒருவர் உதவி நாடுவதாகக் கொள்வோம். 100 பேர் வருவர். ஆயிரத்துக்கு மூவர் எனில் 300 பேர். இவ்விரண்டுக்குமிடையே முகாம்களின் எண்ணிக்கை, செவிலியர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஊர்திகள் அனைத்தும் மாறுபடும். ஆகவே ‘இலட்சம் பேர் வருவர்’ என்ற ஒற்றைத் தகவலைக் கொண்டு திட்டம் வகுத்தல் இயலாது. ஆயிரத்துக்கு ஒருவரா மூவரா என்பதை முந்தைய ஆண்டின் பதிவே சொல்லவேண்டும்.

விகிதத்தை ஏற்றுவன, இறக்குவன எவை என்பதைப் பால் ஆர்பன் தலைமையிலான குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஏறத்தாழ 200 நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்ந்து 2001இல் வெளியிட்டது. கூட்டம் அமர்ந்திருக்கிறதா நகர்கிறதா, வேலியிட்ட இடமா திறந்தவெளியா, கூரையின் கீழா வெயிலிலா, பகலா இரவா, காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்பன போன்ற வினாக்களே அவ்வாய்வின் அடிப்படை. இவ்வினாக்களைக் கையில் கொண்டு மாமல்லபுரத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பது தெரியும்.

மாமல்லபுரம்: பெயர் தெரிந்த கூட்டம்

44ஆவது ஒலிம்பியாடு மாஸ்கோவில் நடைபெற வேண்டியது. உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து அங்கிருந்து மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் சென்னைக்கு வழங்கப்பட்டது. 2012 ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பை இலண்டன் 2005இலேயே பெற்றுவிட்டது. அந்நகருக்கு ஏழாண்டுகள் கிடைத்தன. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ நான்கு மாதங்கள். 186 நாடுகளிலிருந்து 1,700க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தனர். தொடக்கத்துக்கு ஐந்து நாள் முன்பாக, சூலை 23 அன்று, குரங்கம்மையைப் பன்னாட்டு அக்கறைக்குரிய பொதுச் சுகாதார நெருக்கடியாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. கொரோனாவும் முற்றிலும் நீங்கியிருக்கவில்லை.

இத்தனைக்கும் இடையில் திட்டமிடுவோருக்கு ஒரு பெரும் வசதி இருந்தது. கூட்டத்தின் பெரும்பகுதி பெயர் தெரிந்த கூட்டம். யார், எந்த நாட்டவர், எந்த விடுதியில் தங்குகிறார், எந்தப் பேருந்தில் வருகிறார், எந்த மேசையில் எந்த நேரத்தில் அமர்வார் என்பதெல்லாம் முன்கூட்டியே பதிவானவை. ஆட்டங்கள் பிற்பகலில் தொடங்கும், 11 சுற்றுகள், இடையில் ஓய்வு நாள். குளிரூட்டப்பட்ட கூடம், எண்ணிடப்பட்ட மேசைகள், கட்டுப்படுத்தப்பட்ட வாயில்கள். ஒருவர் மயங்கினால் ‘இத்தனையாவது மேசை’ என்ற ஒரு சொல்லே மருத்துவக் குழுவை அவரிடம் கொண்டுசேர்க்கும்.

ஆனால் இவ்வகை நிகழ்வுக்கு அதற்கேயுரிய இடர்கள் உண்டு. முதியவர்களும் சிறுவர்களும் ஒரே அரங்கில் ஆடும் விளையாட்டு இது. இரண்டு வாரம் ஒரே உணவுக்கூடங்களில் உண்பதால் வயிற்றுப்போக்கு ஒருவரிடம் தொடங்கிப் பலருக்குப் பரவலாம். மொழி மற்றோர் இடர். நெஞ்சுவலியைத் தம் மொழியில் மட்டுமே விவரிக்கக்கூடிய ஒருவரிடம் மருத்துவர் என்ன கேட்பார்? உட்கொள்ளும் மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடும். பன்னாட்டு நிகழ்வுகளில் வீரர்கள் தங்குமிடத்திலேயே சிறு மருத்துவமனை ஒன்றை அமைப்பதற்கு இவையே காரணம். தில்லியில் 2010இல் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளிலும் வீரர் குடியிருப்பில் அத்தகைய ஏற்பாடு இருந்தது. சஃப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காயச் சிகிச்சை மையம் அந்நிகழ்வை ஒட்டி எழுந்து, விளையாட்டுகள் முடிந்தபின்னும் மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது. விழா முடிந்தபின் எஞ்சுவது எது என்ற கேள்வியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும் என்பதற்கு அம்மையம் நல்ல சான்று.

ரதவீதி: எண்ணப்படாத கூட்டம்

ஆண்டாளின் அவதார நாளான ஆடிப்பூரத்தன்று தேர் நிலையிலிருந்து புறப்பட்டு ரதவீதிகளைச் சுற்றி மீண்டும் நிலை சேரும். ஆர்பன் குழுவின் வினாக்களுக்கு இங்கே கிடைக்கும் விடைகள் எல்லாம் மறுதலை: கூட்டம் நகர்கிறது, வேலி இல்லை, கூரை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. கூட்டத்தின் நடுவே பேரெடை கொண்ட ஒரு தேரும் நகர்கிறது. வடம் பிடிப்போர் உடலுழைப்பில் இருக்கின்றனர். அவர்களுள் பலர் விரதத்தால் உண்ணாதவர்கள். ஆடிக்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நீர் குறைவதை உடல் உணராது என்பதும் கருதத்தக்கது.

இவ்விடத்தில் செய்தித்தாள் தமிழ் குறித்து ஒன்று சொல்லவேண்டும். ‘நெரிசலில் மிதிபட்டு’ என்பது நிலைத்த தொடராகிவிட்டது. ஆனால் நெரிசல் இறப்புகளில் பெரும்பாலானவை நின்றநிலையிலேயே, மார்புக்கூடு விரிய இடமின்றி மூச்சடைத்து நேர்கின்றன. ஒரு சதுர மீட்டரில் ஐவருக்கு மேல் நெருங்கும்போது தனிமனிதர் தம் அசைவைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழக்கத் தொடங்குவர் என்பர் கூட்டவியல் ஆய்வாளர். ‘மிதிபட்டு’ என்ற சொல் பழியைக் கூட்டத்தின் அவசரத்தின்மீது ஏற்றிவிடுகிறது. இடத்தின் குறுக்கத்தை மறைத்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது இருவர் நெரிசலில் இறந்தனர். 2025 சூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வெளியே, கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது, 11 பேர் இறந்தனர். இரண்டாவது நிகழ்வு விளையாட்டைச் சார்ந்ததாயினும் தன் இயல்பால் தேர்வீதிக்கு நெருக்கமானது: உள்ளே எண்ணிடப்பட்ட இருக்கைகள், வெளியே எண்ணப்படாத மக்கள்.

இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் அந்நாட்டில் பார்வையாளர் 1,000 பேருக்கு ஒரு முதலுதவியாளர் என்பது போன்ற அளவுகள் விளையாட்டரங்குகளுக்கு வகுக்கப்பட்டன. இதனை அப்படியே ரதவீதிக்குப் பெயர்த்தல் பயன்தராது. அரங்கில் முதலுதவியாளர் படிக்கட்டில் இறங்கி நோயரை அடையலாம். வீதியில் அவர் பத்தடி நகர்வதே அரிது.

இதய நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மின்னதிர்வு தரப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. பத்து நிமிடத்தில் வந்துசேரும் ஊர்தி, எவ்வளவு நவீனமாயினும், இங்கே காலம் தாழ்ந்ததே. எனவே ஊர்தியை மையமாகக் கொண்ட திட்டம் தேர்வீதிக்கு ஒவ்வாது. நடந்துசெல்லும் சிறு குழுக்களையே மையமாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு மூன்று குழுக்கள், முதுகுப்பையில் கருவி, கையில் மடக்குத் தூக்குப்படுக்கை. ஒவ்வொரு வீதியிலிருந்தும் வெளியேற ஒரு சந்தாவது, கடையோ வாகனமோ நிற்காமல், காலியாக வைக்கப்படவேண்டும். வடத்தருகே நிற்கும் காவலரும் கோயில் பணியாளரும் தன்னார்வலரும் மார்பழுத்தப் பயிற்சி பெற்றிருந்தால் முதல் நிமிடம் வீணாகாது.

மின்சாரம் தனித்துக் கூறத்தக்கது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். இத்தகைய இடரைத் தவிர்க்கவே தேர் செல்லும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். ஆனால் அதே வீதியில் உள்ள முதலுதவி முகாமின் விளக்கும், பிராணவாயுச் செறிவூட்டியும் அம்மின்சாரத்தையே நம்பியிருக்கக்கூடும். ஒரு துறையின் பாதுகாப்பு நடவடிக்கை மற்றொரு துறையின் கையைக் கட்டிவிடும் இடம் இது. மின்கலம், சிலிண்டர் ஆகியவை திட்டத்தில் முன்னதாகவே எழுதப்படவேண்டும். கைப்பேசிக்கும் இது பொருந்தும். பெருங்கூட்டத்தில் அலைவரிசை திணறும்போது 108 எண்ணை அழைக்க இயலாமற் போகலாம். முகாம்களுக்கிடையே கம்பியில்லாக் கருவி தேவை. அழைப்பவர் இடத்தைக் குறிப்பிட மேசை எண் இங்கில்லை. ஆயினும் மின்கம்பங்களுக்குப் பெரிய எழுத்தில் எண் எழுதிவிட்டால் அதுவே மேசை எண்ணாகும். செலவு ஒரு வாளி வண்ணம்.

தாணிப்பாறை வழி

சதுரகிரி மேலும் வேறுபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள், தாணிப்பாறையிலிருந்து காட்டுவழியாகச் சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏறவேண்டும். விளையாட்டுலகில் இதற்கு நிகர் நெடுந்தூர ஓட்டம். கூட்டம் ஓரிடத்தில் திரளாமல் நீண்ட கோடாகப் பரவுகிறது. பயிற்சியற்ற நடுவயதினரும் முதியோரும் செங்குத்துப் பாறைகளில் ஏறுகின்றனர். வழியில் நெஞ்சுவலியால் இறந்தோர் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. ஊர்தி ஏறாது, டோலி மட்டுமே. 2015 மே மாதத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைப் பறித்தபின், மழைநாள்களில் மலையேற்றத்துக்குத் தடை விதிப்பது நடைமுறையாயிற்று.

ஆயினும் திட்டமிடுவோர் பார்வையில், இம்மலைக்குத் தேர்வீதிக்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. தாணிப்பாறையில் வாயில் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே ஏற அனுமதி. வனத்துறையின் சோதனை உண்டு. அதாவது இவ்வழியே ஏறியோர் எத்தனை பேர் என்பதை எண்ண முடியும். நோயர் வருகை விகிதத்தைக் கணக்கிடத் தேவையான கீழெண் இங்கே கையருகே கிடக்கிறது. வாயிலிலேயே இதயநோய், இரத்தக்கொதிப்பு உடையோரை அறிந்து அறிவுறுத்தவும் கூடும்.

நெடுந்தூர ஓட்டங்களிலிருந்து மற்றொன்றும் கற்கலாம். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் முடிவுக்கோட்டருகே குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தனர், 260க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஓட்டத்தால் களைத்தோருக்கென அருகில் அமைக்கப்பட்டிருந்த மருத்துவக் கூடாரமே அன்று காயச் சிகிச்சைக் கூடமாக மாறியது. உயிருடன் மருத்துவமனையை அடைந்தோர் அனைவரும் பிழைத்தனர். களைப்புக்கும் தசைப்பிடிப்புக்கும் செய்த எளிய ஏற்பாடு பேரிடருக்கும் கைகொடுத்தது. மலைவழியில் குறிப்பிட்ட தொலைவுக்கொரு நிலையம், அவற்றுள் பயிற்சி பெற்ற ஒருவர், கீழே தாணிப்பாறையில் காத்திருக்கும் ஊர்தி என்ற தொடர் அறுபடாமல் இருந்தால், வெள்ளமோ பாறைச்சரிவோ நேரும்போது அதுவே மீட்பின் முதுகெலும்பாகும்.

ராஜபாளையத்து நோயாளி

விழாவுக்கு வராதவரைப் பற்றித் திட்டங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டையும் இணைத்துச் செல்கிறது. தேரன்று அச்சாலையில் வாகனங்கள் தேங்கினால், ராஜபாளையத்தில் மாரடைப்பு ஏற்பட்ட ஒருவரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு எவ்வழியே கொண்டுசெல்வது? பேறுகால வலியில் இருக்கும் பெண்ணுக்கு எவ்வழி? சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் அன்றே விபத்து நேராது என்பதற்கு உறுதி இல்லை; அப்போது மாவட்டத்தின் ஊர்திகள் தேரடியில் நின்றுகொண்டிருந்தால் என் செய்வது?

விளையாட்டு நிகழ்வுகளின் திட்டங்கள் இதனை அடிப்படைச் சேவையைக் காத்தல் எனத் தனித் தலைப்பில் வைக்கின்றன. நிகழ்வுக்கென ஒதுக்கும் ஊர்தியும் பணியாளரும் வழக்கமான சேவையிலிருந்து பிடுங்கப்பட்டவையாக இருத்தல் கூடாது. அண்டை மாவட்டங்களிலிருந்து கூடுதலாக வரவேண்டும். விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டமை இவ்வட்டாரத்தின் நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. மதுரைக்கு முன்னரே உயர்சிகிச்சைக்குரிய ஓரிடம் கிடைத்துள்ளது. ஆனால் யாரை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வைத்துப் பார்ப்பது, யாரை ராஜபாளையத்துக்கோ சிவகாசிக்கோ அனுப்புவது, யாரை நேரே விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்புவது என்பதை விழா நாளன்று முகாம் மருத்துவர் தனித்து முடிவுசெய்யும் நிலை இருத்தலாகாது. நோய்வகை வாரியாக முன்பே எழுதப்பட்ட ஒரு பக்க அட்டவணை போதும்.

சட்டமும் பதிவேடும்

திருவிழாவுக்கு மருத்துவத் திட்டம் வகுத்தல் நமக்குப் புதிதன்று. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி இயலையே ஒதுக்கியிருக்கிறது. குடிநீர், கழிவகற்றல், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றை உள்ளாட்சியின் கடமையாக்கிய அச்சட்டம் காலராவின் அச்சத்தில் பிறந்தது. அவ்வச்சம் நியாயமானதே, நீர்மோர்ப் பந்தலிலும் அன்னதானத்திலும் நீரின் தூய்மை இன்றும் முதற்கவலைதான். ஆனால் இன்று திருவிழாவில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இதயம், வெப்பம், நெரிசல், மின்சாரம், சாலை. சட்டத்தின் கண் கிருமியின்மீது இருந்தது. அது உடல்களின் நெருக்கத்தின்மீதும் விழவேண்டிய காலம் இது.

விளையாட்டு நிகழ்வுகளிடமிருந்து நாம் பெறவேண்டியவற்றுள் கருவியைவிட இன்றியமையாதது பதிவு என்பது கட்டுரையாளரின் கருத்து. திருவிழா முகாம் ஒன்றில் கண்ட குறிப்பேட்டில் பெயர், வயது, கொடுத்த மாத்திரை ஆகிய மூன்றே இருந்தன. தலைவலிக்கு மாத்திரை வாங்கியவரும் மயங்கி விழுந்தவரும் அதில் ஒரே அளவு இடம்பெற்றிருந்தனர். எந்த நேரத்தில், எந்த வீதியில், யார் தூக்கிவந்தார், எங்கே அனுப்பப்பட்டார் என்பது இல்லை. அக்குறிப்பேட்டை எழுதிய செவிலியரைக் குறைகூற இயலாது. கட்டம் போட்டுக் கொடுத்தவர் எவருமில்லை.

நேரம், மின்கம்ப எண், வயதும் பாலும், முதன்மைக் குறை, முடிவு என ஐந்து கட்டங்கள் போதும். பெயரின்றியே இதனைச் சேர்க்கலாம்; ஆய்வுக்குத் தருவதில் மறைவுரிமைச் சிக்கலும் எழாது. மூன்று ஆடிப்பூரங்களின் பதிவு சேர்ந்தால், தேர் எந்தத் திருப்பத்தில் நிற்கும்போது மயக்கங்கள் மிகுகின்றன, வடம் பிடிப்போரா வேடிக்கை பார்ப்போரா மிகுதியாக விழுகின்றனர், குழு நோயரை அடைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்பன தெரியவரும். கீழெண்ணுக்கு, வீதிகளின் பரப்பையும் குறிப்பிட்ட நேரங்களில் மேலிருந்து எடுக்கும் ஒளிப்படங்களையும் கொண்டு கூட்டத்தை மதிப்பிடலாம். ஆடி அமாவாசைக்கும் ஆடிப்பூரத்துக்கும் இடையே 2022இல் இருந்தவை நான்கே நாள்கள். இந்த இடைவெளி பெரும்பாலான ஆண்டுகளில் சில நாள்களாகவே அமைவது. தாணிப்பாறையில் நின்ற குழுவே ரதவீதிக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. அக்குழு மலையில் நிரப்பிய படிவத்தை அந்த இடைவெளியிலேயே படித்துப் பார்க்கலாம்.